சிற்றூர் கன்ட்ரி ஸ்டேஷன்: இரண்டு பாட்டுக்கு நடுவே உள்ள நிமிடங்கள்

ஐயாயிரம் பேர் வாழும் ஓர் அமெரிக்கச் சிற்றூரில், 'கன்ட்ரி' என்னும் இசை வகையின் பாடகர் ஜார்ஜ் ஸ்ட்ரெய்டின் பாட்டைக் கேட்க இன்று யாருக்கும் வானொலி தேவையில்லை. கைபேசியே போதும். பனி கொட்டினால் நாளைக்குப் பள்ளி உண்டா, பக்கத்துத் தானியக் கிடங்கில் மக்காச்சோளத்தை என்ன விலைக்கு எடுக்கிறார்கள், வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள், இறந்தவருக்கு எந்தத் தேவாலயத்தில் எத்தனை மணிக்கு வழிபாடு என்பதெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கும்படி ஒரே இடத்தில் கிடைப்பது ஊர் ஸ்டேஷனில்தான். அதனால் நிகழ்ச்சிக் கடிகாரம், அதாவது ஒரு மணி நேரத்தில் எது எப்போது வரும் என்ற திட்டம், வரையும்போது ஊர்ச் சங்கதிகளை முதலில் ஆணி அடித்து நிறுத்திவிட்டு, மிச்ச இடத்தில் பாட்டை நிரப்ப வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். பதின்மூன்று பாட்டை அடுக்கிவிட்டு, பிறகு வானிலைக்கு எங்கே இடம் என்று தேடுகிறார்கள்.

காலை ஏழு மணியை எடுத்துக்கொள்வோம். மணி அடிக்கும் இடத்தில் நிலைய அடையாளம்: அழைப்பெழுத்துகள், அவற்றை அடுத்து உரிமத்தில் உள்ள ஊரின் பெயர். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பெரும்பாலும் டபிள்யூ, மேற்கே கே என்று தொடங்கும் எழுத்துகள் அவை. அழைப்பெழுத்துகளுக்கும் ஊர்ப் பெயருக்கும் நடுவே அலைவரிசை எண்ணையோ உரிமையாளர் பெயரையோ சொல்லலாம். "உங்கள் இதயத்துக்கு நெருக்கமான" என்ற வகை விளம்பர வாசகத்தைச் செருகினால் அது சட்டப்படியான அடையாளம் ஆகாது. அடுத்து நெட்வொர்க் செய்தி 5 நிமிடம், ஊர்ச் செய்தியும் வானிலையும் 4, விளம்பரம் 12, விவசாயச் சந்தை 3, அறிவிப்பாளர் பேச்சும் நிலைய முத்திரைகளும் 4. ஆக 28 நிமிடம் போயிற்று. மீதி 32 நிமிடத்தில் மூன்றரை நிமிடப் பாட்டு ஒன்பது அடங்கும். பகல் பதினோரு மணிக்குச் செய்தியும் பேச்சும் சுருங்குவதால் பதின்மூன்று வரை போகலாம். காலையில் ஒன்பது பாட்டுதானா என்று கவலைப்பட வேண்டாம். அந்த நேரத்தில் கேட்பவர் பாட்டுக்காக வரவில்லை.

பாட்டுகளை வகை பிரிப்பதுதான் இசை அட்டவணையின் உயிர். மியூசிக்மாஸ்டர், செலக்டர் போன்ற மென்பொருள் எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றே. இப்போது பிரபலப் பாட்டுகளின் தரவரிசையில் மேலே இருக்கும் பாட்டுகள் 'பவர்', ஏறிக்கொண்டிருப்பவை அடுத்த வகை, சில மாதம் முன்பு ஓய்ந்தவை 'ரிகரண்ட்', பழையவை 'கோல்ட்'. பதின்மூன்று பாட்டு உள்ள மணியில் பவர் 3, ஏறுபவை 2, ரிகரண்ட் 2, கோல்ட் 6 என்பது சிற்றூருக்குப் பொருந்தும் பங்கீடு. பெருநகர ஸ்டேஷன்களில் புதுப் பாட்டின் பங்கு இதைவிடக் கூடுதலாக இருக்கும். சிற்றூரில் கேட்பவரின் வயது கூடுதல். ரீபா மெக்கன்டயர், ரேண்டி டிராவிஸ், ஆலன் ஜாக்சன் போன்ற பழைய பாடகர்களை எடுத்துவிட்டால் உடனே தொலைபேசி ஒலிக்கும்.

இங்கே ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. ஒரு வகையில் 6 பாட்டு வைத்து மணிக்கு 2 ஒலிபரப்பினால், ஒவ்வொரு பாட்டும் சரியாக 3 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பும். இருபத்து நாலு மூன்றால் மீதியின்றி வகுபடும். காலை 7:10-க்கு வந்த பாட்டு மறுநாளும் 7:10-க்கு, அதற்கு மறுநாளும் 7:10-க்கு. ஒரே நேரத்தில் வேலைக்குக் கிளம்பும் ஒருவர் வாரம் முழுக்க அதே பாட்டைக் கேட்டு, "இந்த ஸ்டேஷனில் நாலு பாட்டுதான் இருக்கிறது" என்பார். அவர் சொல்வது அவரளவில் உண்மை. பவரில் 7 பாட்டு வைத்து மணிக்கு 3 போட்டால் திரும்பும் நேரம் 2 மணி 20 நிமிடம். பத்துச் சுற்று முடிய 23 மணி 20 நிமிடம் ஆகும். அதாவது ஒவ்வொரு நாளும் பாட்டு 40 நிமிடம் முன்னே நகர்ந்துவிடும். வகையின் எண்ணிக்கையை முடிவு செய்யும் முன் இந்த வகுத்தலைக் கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. கோல்டில் 500 பாட்டு, மணிக்கு 6 என்றால் ஒரு பாட்டு திரும்ப ஏறக்குறைய மூன்றரை நாள். நூலகத்தில் இரண்டாயிரம் பாட்டு இருக்கிறது என்று பெருமைக்காக எல்லாவற்றையும் உள்ளே விட்டால், எல்லோருக்கும் பிடித்த பாட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வரும்.

ஒரே பாடகரின் இரண்டு பாட்டுக்கு நடுவே போதிய நேரம் விட வேண்டும் என்ற பாடகர் இடைவெளி விதியில் குரலையும் கணக்கில் எடுக்க வேண்டும். புரூக்ஸ் அண்ட் டன் இரட்டையரின் பாட்டு முடிந்த பத்தாவது நிமிடத்தில் அவர்களில் ஒருவரான ரானி டன் தனியாகப் பாடியது வந்தால் மென்பொருளுக்கு அது வேறு பெயர், காதுக்கு அதே குரல். ஜட்ஸ் குழுவுக்கும் அதில் பாடிய வைனோனாவுக்கும் இதே சிக்கல். ஜோடிப் பாட்டுகளில் இருவர் பெயரையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். அடுத்தடுத்து இரண்டு மெதுவான பாட்டு கூடாது; குடியைப் பற்றிய பாட்டும், பிக்கப் வண்டியைப் பற்றிய பாட்டும் அப்படியே. கன்ட்ரியில் இந்த இரண்டுக்கும் பஞ்சமே இல்லை என்பதால் ஒவ்வொரு பாட்டிலும் பொருள் குறியீடு போடும் வேலையை ஒத்திப்போடக் கூடாது. இரண்டு பெண் குரல்களை அடுத்தடுத்து விடாதே என்ற பழைய விதி மட்டும் என்னைப் பொறுத்தவரை வீண். 2015-இல் ஓர் ஆலோசகர் பெண் பாடகர்களைச் சாலட்டில் கொஞ்சமாகப் போடும் தக்காளிக்கு ஒப்பிட்டுப் பெரிய சண்டையானது. லொரெட்டா லின் போன்ற பாடகியை வைத்து வளர்ந்த ஓர் இசை வடிவத்துக்கு அந்த விதி எப்படிப் பொருந்தும்?

நூலகத்தில் பாட்டை ஏற்றும்போது மூன்று குறிகள் வேண்டும்: ஒலி தொடங்கும் இடம், பாடகர் வாய் திறக்கும் இடம், அடுத்த பாட்டு உள்ளே வரலாம் என்ற இடம். நடுக்குறி பிசகினால் அறிவிப்பாளர் பாடகரின் முதல் சொல்லின் மேலேயே பேசிவிடுவார். கோப்பு அழுத்தப்படாத வடிவில் இருப்பது உத்தமம். ஸ்டூடியோவிலிருந்து டவருக்குப் போகும் இணைப்பு இன்னொரு முறை அழுத்தும். அதன் பின் ஒலிச் செயலி இறுக்கிப் பிழியும். ஏற்கெனவே நசுக்கிய எம்பி3 இந்த வழியாகப் போனால் ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் தண்ணீருக்கு அடியில் வாசித்ததுபோல் வெளியே வரும். கிட்டார் இசைக்காகவே கேட்கும் கூட்டத்திடம் இது எடுபடாது.

பேச்சு நேரங்கள்

இறப்பு அறிவிப்பை இறுதிச் சடங்கு நிலையத்திலிருந்து எழுத்தில் வந்தால் மட்டுமே வாசிக்க வேண்டும். தொலைபேசியில் யார் சொன்னாலும், எவ்வளவு தெரிந்தவர் ஆனாலும், எடுக்கக் கூடாது. பெயரின் உச்சரிப்பை முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். வாசித்து முடித்ததும் நேரே பாட்டுக்குப் போகாமல் ஒரு விளம்பர இடைவேளையோ வானிலையோ வைத்து, அதன் பின் மிதமான வேகத்தில் ஒரு பாட்டு. தானியங்கி அட்டவணையை அதன் போக்கில் விட்டால் என்றைக்காவது ஒருநாள் இறப்பு அறிவிப்பின் வாலில் மதுக்கடைப் பாட்டு வந்து நிற்கும். அந்த இடத்தை மட்டும் கையால் பூட்டி வைப்பதே வழி.

'ஸ்வாப் ஷாப்', 'டிரேடிங் போஸ்ட்' என்று ஊருக்கொரு பெயரில் நடக்கும் வாங்கல் விற்றல் நிகழ்ச்சிதான் பல ஸ்டேஷன்களில் பகலின் பெரிய ஈர்ப்பு. காலை ஒன்பது பத்து மணியளவில் அரை மணி நேரம் போதும். ஒருவருக்கு மூன்று பொருள், விலை கட்டாயம், தொலைபேசி எண்ணை இரண்டு முறை மெதுவாகச் சொல்ல வேண்டும், வியாபாரிகளுக்கு இடமில்லை. அவர்கள் விளம்பரம் வாங்கட்டும். துப்பாக்கி விற்பனையைப் பல ஸ்டேஷன்கள் ஏற்பதில்லை, அது நல்ல முடிவு. பொதுவாகத் தொலைபேசி உரையாடலை ஒலிபரப்பும் முன் எதிர்முனைக்குச் சொல்லியாக வேண்டும் என்பது மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதி. அழைப்புகளை வழக்கமாக ஒலிபரப்பும் நிகழ்ச்சிக்குத் தாமாகவே அழைப்பவர்களுக்கு அது விலக்கு. அதே ஆளை நீங்கள் திருப்பி அழைத்தால் விலக்கு போய்விடும். இன்னொரு கண்ணி, சீட்டுக் குலுக்கல். பணம் கட்டி, அதிர்ஷ்டத்தால், பரிசு என்று மூன்றும் சேர்ந்தால் அது லாட்டரி. அதை ஒலிபரப்ப மத்தியச் சட்டத்தில் தடை உண்டு. மாநில லாட்டரிக்கும், மாநிலச் சட்டம் அனுமதிக்கும் தொண்டு அமைப்புகளின் குலுக்கலுக்கும் விலக்கு இருக்கிறது. தீயணைப்புத் தொண்டர்கள் நடத்தும் குலுக்கலையும் ஒரு தனியாள் தன் படகுக்கு நடத்தும் குலுக்கலையும் அறிவிப்பாளருக்குப் பிரித்தறியத் தெரிய வேண்டும். யாரோ விளையாட்டாக எதிரியின் எண்ணைக் கொடுப்பதும் நடக்கும். அழைப்பில் தெரியும் எண்ணும் சொல்லும் எண்ணும் வேறாக இருந்தால் கேட்டுவிடுங்கள்.

சந்தை விலையில் அடிக்கடி நடக்கும் பிழை நேரம் பற்றியது. சிகாகோ தானியச் சந்தையின் பகல் வணிகம் அமெரிக்க மத்திய நேரப்படி காலை 8:30-க்குத் தொடங்கிப் பிற்பகல் 1:20-க்கு முடிகிறது. நண்பகல் அறிக்கையில் "முடிவு விலை" என்று சொன்னால் அது பொய். நண்பகலில் நடப்பு விலை, ஒன்றரைக்குப் பிறகு முடிவு விலை. விவசாயிக்கு உண்மையில் வேண்டியது உள்ளூர்க் கிடங்கின் ரொக்க விலை. அது சிகாகோ விலையிலிருந்து உள்ளூர் வித்தியாசம் கூடியோ கழிந்தோ வருவது. ஆகவே கிடங்குகளிடமிருந்து தினமும் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கால்நடை ஏல விலையை நூறு பவுண்டுக்கு இத்தனை டாலர் என்று, எடைப் பிரிவைச் சொல்லி வாசிக்க வேண்டும்.

ஆள் இல்லாத நேரத்தை வெளியூரில் பதிவு செய்த குரலால் நிரப்புவது இப்போது சாதாரணம். செலவு மிச்சம்தான். ஆனால் இல்லினாய் மாநிலத்துக் கெய்ரோ ஊரை எகிப்தின் தலைநகரைப் போலச் சொன்னால் ஊர்க்காரர் அந்த நிமிடமே ஆளைக் கண்டுகொள்வார். அங்கே அது 'கேரோ'. கென்டக்கியில் பிரெஞ்சு அரண்மனைப் பெயர் கொண்ட ஊர் 'வெர்சேல்ஸ்'. மிசௌரியில் இருக்கும் நெவாடா 'நெவேடா'. வெளியூர்க் குரலுக்கு ஒரு பக்க உச்சரிப்புத் தாளை அனுப்பாமல் வேலை தராதீர்கள்.

வெள்ளி இரவு

உயர்நிலைப் பள்ளி அமெரிக்கக் கால்பந்து, நான்கு பன்னிரண்டு நிமிடக் கால்பகுதிகள், நிறுத்தங்களோடு சேர்த்து இரண்டரை மணி நேரம். வங்கி, டிராக்டர் விற்பனையாளர், தீவனக் கடை என்று ஊரில் விளம்பரம் தரும் எல்லோரும் இருக்க விரும்பும் இடம். கருவி அதிகம் இல்லை: இரண்டு மூன்று ஹெட்செட் மைக், சிறிய மிக்ஸர், ஒலியை இணையம் வழியே ஸ்டூடியோவுக்கு அனுப்பும் காம்ரெக்ஸ் அல்லது டைலைன் வகைக் கோடெக். வானலை வழியாகவே ஸ்டூடியோவுக்கு ஒலி அனுப்பும் பழைய மார்ட்டி டிரான்ஸ்மிட்டர் பரணில் இருந்தால் எறியாதீர்கள். ஏனென்றால் மிகச் சாதாரணமான தோல்வி இதுதான்: பிற்பகல் மூன்று மணிக்குச் செல்பேசி மோடத்தில் சோதித்தால் பளிங்குபோல் இருக்கும். ஏழு மணிக்கு ஊரே மைதானத்தில் உட்கார்ந்து படம் அனுப்பத் தொடங்கியதும் செல்பேசி டவர் திணறி, ஒலி துண்டு துண்டாகும். பள்ளியின் கம்பி இணையத்தை முன்வாரமே கேட்டு வாங்கி, அவர்களின் ஃபயர்வாலில் கோடெக்குக்கு வழி திறக்கச் செய்யுங்கள். மாற்றாக வேறு நிறுவனத்து சிம் ஒன்று இருக்கட்டும்.

கூட்டத்துக்குத் தனி மைக் வேண்டும், ஆனால் பேண்ட் வாத்தியக் குழுவையும் மைதான ஒலிபெருக்கியையும் நோக்கி வைக்காதீர்கள். வர்ணனையாளர் காதில் வானொலியில் வெளிவரும் ஒலியைக் கொடுக்கக் கூடாது. தாமதமாகத் திரும்பும் தன் குரலைக் கேட்டு எவரும் தடுமாறுவார். அவர் குரலைக் கழித்த கலவையைக் கோடெக்கின் திரும்பு வழியில் அனுப்ப வேண்டும். விளம்பரத்துக்குப் போகும் குறிச்சொல்லை ஸ்டூடியோவில் இருப்பவரோடு பேசி, ஒரே வாக்கியமாக முடிவு செய்யுங்கள்.

புயல் வந்தால்

அவசர எச்சரிக்கைப் பெட்டி குறைந்தது இரண்டு மூலங்களைக் காதில் வைத்திருக்கும். தேசிய வானிலைச் சேவையின் 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் அலையையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். கூடவே மத்திய அரசின் இணைய வழி எச்சரிக்கையையும் எடுக்கும். வாரச் சோதனை, மாதச் சோதனை இரண்டும் பதிவேட்டில் இருக்க வேண்டும். மாதச் சோதனை வந்தால் 60 நிமிடத்துக்குள் மறு ஒலிபரப்பு. வாரச் சோதனை பதிவேட்டில் வரவில்லை என்றால் பெட்டியைச் சந்தேகிக்கும் முன் கூரைக்குப் போய் ஆன்டெனாவைப் பாருங்கள். பெரும்பாலும் காற்றில் திரும்பியிருக்கும். எச்சரிக்கைத் தொனியை விளம்பரத்தில் வேடிக்கைக்காகச் சேர்த்துக் கொண்டுவரும் ஒலிக்கோப்பை எக்காரணம் கொண்டும் ஏற்றாதீர்கள். அபராதம் சிற்றூர் ஸ்டேஷனை மூடவைக்கும் அளவுக்குப் போகும்.

மின்சாரம் போனால் ஸ்டூடியோவிலும் டவரிலும் ஜெனரேட்டர் ஓடும், இருந்தாலும் ஒலி போகாது. காரணம் நடுவில் இருக்கும் இணைய நிறுவனத்தின் பெட்டி. அதன் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஸ்டூடியோவிலிருந்து டவருக்குப் போகும் 950 மெகாஹெர்ட்ஸ் பழைய நுண்ணலை இணைப்பு நம் கையிலேயே இருப்பது. அதை வைத்திருப்பவர்கள் கழற்ற வேண்டாம்.

டவரும் டிரான்ஸ்மிட்டரும்

சிற்றூர்ப் பண்பலையில் பெரும்பாலானவை ஏ வகுப்பு: அதிகபட்சம் 100 மீட்டர் உயரத்தில் 6 கிலோவாட் கதிர்வீச்சுத் திறன், நல்ல ஒலி ஏறக்குறைய 28 கிலோமீட்டர் வரை. 1989-க்கு முன் இது 3 கிலோவாட்டாக இருந்தது. அந்த 6 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரிலிருந்து அப்படியே வருவதில்லை. நான்கு அடுக்கு ஆன்டெனாவின் பெருக்கம் 2.1, கேபிளில் தப்பிச் சேர்வது 86 சதவீதம் என்று வைத்தால் 6,000-ஐ 1.806-ஆல் வகுக்க, டிரான்ஸ்மிட்டர் தர வேண்டியது சுமார் 3.3 கிலோவாட். உரிமத் திறனில் 90 முதல் 105 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும்.

ஆன்டெனாவிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்குத் திரும்பி வரும் திறனை வாரம் ஒருமுறையாவது குறித்து வையுங்கள். ஒரே நாளில் தாவினால் ஆன்டெனாவில் பனிக்கட்டி. வெயில் வந்ததும் சரியாகும். மாதக்கணக்கில் மெல்ல ஏறினால் கேபிள் இணைப்பில் உள்ள செம்புத் தொடர்பு சூடேறி எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதை விட்டுவைத்தால் அடுத்த மழையில் நிலையம் அடங்கும். கேபிளுக்குள் இருக்கும் உலர்ந்த நைட்ரஜனின் அழுத்தம் இறங்கினால் கசிவு. ஈரம் புகுந்து தீப்பொறி பறக்கும். அறுவடை மாதங்களில் தூசு வடிகட்டியை இருமடங்கு அடிக்கடி மாற்றுங்கள். சோளத் தூசு அடைத்தால் டிரான்ஸ்மிட்டர் சூடேறித் தானாகத் திறனைக் குறைத்துக்கொள்ளும். நேயர் அதை "இரண்டு நாளாக வண்டியில் சரியாக எடுக்கவில்லை" என்று சொல்வார்.

மத்திய அலை (ஏ.எம்.) வேறு உலகம். நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். 650 கிலோஹெர்ட்ஸில் 50 கிலோவாட்டோடு இரவில் பல மாநிலங்களைத் தாண்டும். 1925 நவம்பர் 28-இல் அங்கே தொடங்கிய நிகழ்ச்சிதான் பின்னாளில் கிராண்ட் ஓல் ஆப்ரி ஆனது. அந்த இரவு வீச்சு சிற்றூர்க்காரருக்குச் சாபம். சூரியன் மறைந்ததும் சின்ன ஸ்டேஷன்களும் எங்கோ தூரத்தில் இடைஞ்சல் செய்யும் என்பதால், பல நிலையங்கள் திறனைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். மாற்ற வேண்டிய நேரம் மாதவாரியாக உரிமத்தில் இருக்கும், ஆனால் அது கோடையில் முன்தள்ளப்படாத நேரத்தில் எழுதப்பட்டது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும்போது அதைக் கணக்கில் எடுக்காமல் தானியங்கியை அமைத்தால், மாதக்கணக்கில் தவறான திறனில் ஓடிக்கொண்டிருக்கும். டவரைச் சுற்றி மண்ணுக்குள் 120 செம்புக் கம்பிகள், கால் அலைநீளத்துக்குப் பரந்திருக்கும். 1,000 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொன்றும் 75 மீட்டர். உழவு அறுக்கும், திருடன் உருவுவான். அடியில் உள்ள இசைவுப் பெட்டிக்குள் எலியும் குளவியும் குடியேறும்.

இருநூறு அடிக்கு மேற்பட்ட டவரின் விளக்குகளை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். உச்சி விளக்கு அணைந்து 30 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் உடனே விமானத் துறைக்குச் சொல்லியாக வேண்டும்.

பணத்தில் ஒரு விநோதம்: வானில் ஒலிபரப்பும் பாட்டுக்கு ஆஸ்கேப், பி.எம்.ஐ., செசாக் போன்ற உரிமைத்தொகை அமைப்புகள் வழியாக எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் போகிறது, பாடியவருக்குப் போவதில்லை. அதே பாட்டை இணையத்திலும் விட்டால், பாடியவருக்கும் ஒலிப்பதிவு உரிமையாளருக்கும் பணம் வசூலிக்கும் சவுண்ட்எக்ஸ்சேஞ்சுக்குத் தனியாகக் கட்ட வேண்டும், அதற்குப் பாட்டுக் கணக்கும் கொடுக்க வேண்டும். இணைய ஒலிபரப்பைத் தொடங்கும் முன்பே அட்டவணை மென்பொருள் அந்த அறிக்கையைத் தருமா என்று பாருங்கள்.

ஒலி நின்றுபோனால் அழைக்கும் உணர்வுக் கருவியின் நேரத்தை வழக்கமாக 30 விநாடிக்கு வைப்பார்கள். வெள்ளி இரவு மைதானத்தில் மறைந்த ஒருவருக்காக மௌன அஞ்சலி செலுத்தினால் அந்த 30 விநாடி கடந்துவிடும். கருவி பதறி, மாற்று இயந்திரத்திலிருந்து துள்ளல் பாட்டொன்றைக் கிளப்பிவிடும். ஆட்ட நேரத்துக்கு 90 விநாடியாக மாற்றி, கூட்ட மைக்கைத் திறந்தே வைத்திருங்கள்.